அடிபம்பு பூட்டிக் கிடந்த ஒன்பது மாதம்

எங்கள் தெரு அடிபம்பை ஒன்பது மாதம் பூட்டிப் போட்டவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலம் சரியில்லை, மழை சரியில்லை என்று சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. வானம் செய்தது பாதி என்றால், நான் செய்தது பாதி.

எங்கள் தெரு கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே ஆற்றோரம் இருக்கிறது. முப்பத்தைந்து வீடு. கரும்பு வெட்டு, களை, நடவு என்று எல்லோரும் கூலிக்காரர்கள்தான். ஒருத்தருக்கும் ஒரு சென்ட் கழனி கிடையாது. தெருவில் நின்று பார்த்தால் கல்வராயன் மலை கையெட்டும் தூரத்தில் தெரியும். நான் அந்த மலையில் பிறந்தவள். கரும்பு வெட்ட இறங்கி வந்த இடத்தில் ஒருத்தரைப் பார்த்து, பிடித்துப்போய், யாரையும் கேட்காமல் கட்டிக்கொண்டேன். இருபது வருஷம் ஆகியும் தெருவில் எனக்குப் பெயர் மலைக்காரிதான். ரேஷன் கார்டில் வேறு பெயர் இருப்பதே பலருக்குத் தெரியாது.

அந்த வருஷம் தை மாதமே டேங்க்குக்குத் தண்ணீர் ஏற்றும் போர் காற்று வாங்க ஆரம்பித்துவிட்டது. நாலு நாளைக்கு ஒருதரம் அரை மணி நேரம் குழாயில் நூல் மாதிரி வரும். மீதி நாளுக்குத் தெருக்கோடியில் மாரியம்மன் கோயிலை ஒட்டி இருக்கும் அடிபம்புதான் கதி. அதுவும் இருபது அடி அடித்தால் ஒரு சொம்பு கக்கும். போகிறவள் வருகிறவள் எல்லாம் ஆளுக்கு நாலு அடி அடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பம்புக்கு மூச்சு விட நேரம் இருக்காது.

என் அம்மா வீட்டுப் பக்கம் கோடையில் சுனை என்பது பாறைக்குக் கீழே ஒரு குழி, அவ்வளவுதான். கொட்டாங்குச்சியால் மொண்டு எடுப்போம். எடுத்து முடித்ததும் மேலே ஒரு பலகைக்கல்லை மூடிவிடுவோம். மறுநாள் காலை வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது. தொட்டுக் கலக்கினால் சேறுதான் மிஞ்சும். இதைத்தான் நான் பம்படியில் நின்று சொன்னேன்.

"அடிச்சிக்கினே இருந்தா எங்கருந்து வரும்மே? ஊற வுடுங்க. காலையில ஒருதரம் தொறந்து எல்லாரும் பங்கு போட்டுக்கலாம்."

"மலைக்காரி பம்புக்கே பாடம் எடுக்குறா பாரு" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். வேறு வழி என்ன இருந்தது?

ஒரு பழைய சைக்கிள் செயினைக் கைப்பிடியிலும் பம்பு உடம்பிலும் சுற்றிப் பூட்டுப் போட்டோம். வெறும் பூட்டு என்றால் யாராவது இருட்டில் வந்து திறந்துவிடுவார்கள் என்று பயம். அதனால் பம்பின் தலையில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, வீட்டுக்கு ஒரு பெண் கையை நீட்டிச் சத்தியம் செய்தோம். திருட்டுத்தனமாகத் திறந்தால் ஆத்தா கேட்கட்டும், பூட்டை உடைத்தாலும் ஆத்தா கேட்கட்டும் என்று. யோசனை என்னுடையது என்பதால் சாவியும் என்னிடமே வந்தது. அதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. இருபது வருஷத்தில் அந்தத் தெரு எனக்கென்று கொடுத்த முதல் மரியாதை அது.

என் யோசனை பலித்தது. காலையில் திறந்தால் பதினாலு குடம், சில நாள் பதினைந்து குடம் வரும். வீட்டுக்கு ஒரு குடம் என்று வரிசை. ஆள் நிற்க வேண்டாம், குடம் நின்றால் போதும். அந்தக் குடத்தை யாரும் நகர்த்தக்கூடாது. இன்றைக்குக் கிடைக்காதவளின் குடம் நாளைக்கு முன்னால் போகும். ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். பூட்டைத் திறக்கும்போது குடத்துக்குரியவள் பக்கத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் குடம் கடைசிக்குப் போகும். கடைசிக்குப் போனால் மூன்று நாள் ஆகும்.

மாசிக் கடைசியில் ஒரு காலை. முதல் குடம் என் எதிர்வீட்டு அக்காவுடையது. பச்சைக் குடம். கரும்பு வெட்டில் பத்து வருஷம் எனக்குப் பக்கத்து வரிசையில் அரிவாள் பிடித்தவள் அவள். என் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவள். பூட்டைத் திறந்தேன், அவளைக் காணவில்லை. எதிர்வீடு என்பதால் ஒரு குரல் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. சட்டம் என்றால் சட்டம் என்று பச்சைக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்க் கடைசியில் வைத்தேன்.

பத்தாவது குடம் நிரம்பும்போது அவள் தலைகூட முடியாமல் ஓடி வந்தாள்.

"பாப்பாவுக்கு காய்ச்சல்மே. இப்பத்தான் கண்ண மூடுச்சி. அதுக்குள்ள கொடத்த தூக்கி கடாசிட்டியா?"

"எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்க்கா."

"சட்டமா? இருட்டுல நீ தொறந்து புடிச்சிக்கிறியே, அது எந்த சட்டத்துல வருது?"

ஒரு சொம்பு கூட நான் அப்படிப் பிடித்ததில்லை. கற்பூரத்தின் மேல் கை நீட்டியவளை ஊர் கூடி நிற்கும்போது திருடி என்றால் எப்படி இருக்கும்? அவள் அதோடு நிற்கவில்லை.

"சுனைத்தண்ணி குடிச்சி வளந்தவளுக்கு எங்க தாகம் இன்னா தெரியும்" என்றாள்.

சுனை என்றால் குற்றாலம் மாதிரி கொட்டும் என்று நினைத்துவிட்டாள் போல. கொட்டாங்குச்சியால் மண்ணோடு மொண்டு குடித்து வளர்ந்தவள் நான். பத்தாவது குடத்தோடு அடிப்பதை நிறுத்தி, செயினைச் சுற்றினேன், பூட்டினேன். "சாவி இருந்தாத்தான இந்தப் பேச்செல்லாம்" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று ஆற்றுக்குப் போனேன். திரும்பி வந்து, வீசி எறிந்துவிட்டேன் என்றேன்.

எறியவில்லை. கையை ஓங்கினேன், கை வரவில்லை. ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து, உரலின் மேல் ஏறி, கூரை மூங்கில் ஒன்றின் ஓட்டைக்குள் சாவியைத் தள்ளிவிட்டேன். கோபம் ஆறட்டும், சாயங்காலம் எடுத்துக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன்.

சாயங்காலத்துக்குள் தெருவே ஆற்று மணலில் இறங்கிவிட்டது. ஆறு காய்ந்து கிடந்ததால், தேடினால் கிடைக்கும் என்று ஆளாளுக்குச் சல்லடையைத் தூக்கிக்கொண்டு போய் மணலைச் சலித்தார்கள். இரண்டு நாள். நானும் ஒரு சல்லடையை எடுத்துக்கொண்டு போய் அவர்களோடு உட்கார்ந்து சலித்தேன். இதைவிடக் கேவலம் ஒரு மனுஷிக்கு உண்டா? ஒவ்வொரு கை மணலுக்கும் சொல்லிவிடலாம் என்று தோன்றும். சொன்னால் திருடியோடு பொய்க்காரியும் ஆகிவிடுவேனே என்று அடுத்த கையை அள்ளுவேன். எதிர்வீட்டு அக்கா மட்டும் தேட வரவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

பூட்டை உடைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு கல் போதும். ஒருத்தர் சுத்தியலோடு வரவும் செய்தார். அவரைப் பெற்றவளே குறுக்கே நின்றுவிட்டாள். "ஆத்தா பேரால போட்டது. ஒடைச்சா ஊத்துக்கண்ணு மூடிக்கும். அப்பால யாரு பதில் சொல்றது?" என்றாள். சுத்தியல் திரும்பிப் போய்விட்டது. வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்களுக்கு அப்படி இல்லை. கற்பூரம் ஏற்றினால் ஏற்றியதுதான்.

அந்தக் கோடை முழுக்க ஒன்றரை மைல் நடந்து, ஒரு கரும்புக் கழனி மோட்டாரில் தண்ணீர் பிடித்தோம். கழனிக்காரர் மனசு வைத்த நேரத்தில்தான் மோட்டார் ஓடும். வெயிலில் காத்திருப்போம். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. இடுப்புக் குடம் அழுத்தும்போதெல்லாம் மூங்கில் ஓட்டை எனக்கு ஞாபகம் வரும். தெருவில் யாரும் என்னை அடிக்கவில்லை, ஒதுக்கவில்லை. பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எதிர்வீட்டு அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் பேசவில்லை.

ஆவணியில் நாலு மழை பெய்து போர் ஊறிவிட்டது. குழாயில் தினமும் தண்ணீர் வந்தது. அடிபம்பை எல்லோரும் மறந்தார்கள். வரிசையில் இருந்த குடங்களை ஒவ்வொருத்தியாக எடுத்துக்கொண்டு போனார்கள். பச்சைக் குடம் மட்டும் அங்கேயே நின்றது. காற்று தள்ளிவிடாமல் கிழிந்த புடவைத் துண்டால் பம்போடு கட்டி வைத்திருந்தாள். கடைசியில் கிடந்ததைத் தூக்கி முதலில் வைத்து வேறு கட்டியிருந்தாள். வெயிலில் காய்ந்து பக்கவாட்டில் ஒரு விரிசலும் விட்டிருந்தது. கோயிலுக்குப் போகும்போதெல்லாம் அது என் கண்ணில் படும். என் மானத்தை வாங்கத்தான் கட்டி வைத்திருக்கிறாள் என்று பல்லைக் கடிப்பேன்.

கார்த்திகையில் வந்தது மழை. மூன்று நாள் விடாமல் மலையிலும் கீழேயும் ஒன்றாகப் பெய்தது. அணை நிரம்பிவிட்டது, ஆற்றோரத்தில் இருப்பவர்கள் மேடான இடத்துக்குப் போங்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? மஞ்சளும் பூவும் எடுத்துக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் போனோம். வருஷம் முழுக்கத் தண்ணீருக்கு ஏங்கியவர்களுக்குத் தண்ணீரைக் கண்டு பயப்படத் தெரியவில்லை. நிறைந்து வரும் ஆற்றுக்குக் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். வீடு திரும்பி அடுப்பு மூட்டுவதற்குள் வாசலில் தண்ணீர்.

பிள்ளைகளையும் அரிசி மூட்டையையும் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். அது ஒன்றுதான் மேட்டில் கட்டிய கட்டடம். உயிர்ச்சேதம் இல்லை, ஆத்தா புண்ணியம். ஆனால் ஆடு, கோழி, அரிசிப்பானை, துணி, எல்லாம் ஆற்றோடு. தரைப்பாலம் அடித்துக்கொண்டு போனதால் அந்தப் பக்கத்தில் இருந்து யாரும் வர முடியவில்லை. கரண்ட் இல்லை. டேங்க் மோட்டார் தண்ணீருக்குள். முதல் நாள் சத்துணவுக்கூடத்துப் பாத்திரங்களை வெளியே வைத்து மழைத் தண்ணீர் பிடித்தோம். இரண்டாம் நாள் வானம் பளிச்சென்று வெளுத்துவிட்டது. கண்ணுக்கெட்டிய வரைக்கும் காப்பித்தூள் கரைத்த மாதிரி தண்ணீர். குடிக்க ஒரு சொம்பு இல்லை.

தாகம் தாங்காமல் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்கு வயிறு போக ஆரம்பித்தது. எதிர்வீட்டு அக்காவின் மகளுக்கு நாலு வயசு. அவளுக்குத்தான் அதிகம். வாந்தியும் பேதியுமாகப் போய், மத்தியானத்தில் கண் உள்ளே போய், உதடு காய்ந்து, அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். கிராம நர்ஸ் எங்களோடு மாட்டிக்கொண்டது ஒரு நல்லது. அவர் பையில் இருந்து உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலத்தை எடுத்து அக்கா கையில் கொடுத்தார்.

"இத நல்ல தண்ணியில கரைச்சி கொஞ்சம் கொஞ்சமா குடுங்க. இந்த வெள்ளத்தண்ணி கொதிக்க வெச்சாலும் வேணாம், சேறும் செத்ததும் கலந்து கெடக்குது, இன்னும் ஜாஸ்தியாயிடும். நல்ல தண்ணி எங்கனா கெடைக்குமான்னு பாருங்க. பொழுது சாயறதுக்குள்ள பாப்பாவுக்கு உள்ள போவணும்."

அக்கா பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைக் கரைக்கத் தண்ணீர் இல்லை. நான் தூணில் சாய்ந்து அந்தப் பொட்டலத்தையே பார்த்தேன். பம்பு மேடையும் கோயில் மேடையும் ஒரே உயரம், வெள்ளம் அங்கே ஏறியிருக்காது. இத்தனை மழைக்குப் பிறகு அடியில் ஊற்று பொங்கிக்கொண்டிருக்கும். எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒருத்தர் வாயிலும் அடிபம்பு என்ற பேச்சு வரவில்லை. அது ஆத்தாவின் பூட்டு, அதன் சாவி ஆற்றோடு போனது. நான் அப்படித்தானே சொல்லி வைத்திருந்தேன்.

எழுந்து புடவையைத் தூக்கிச் செருகினேன்.

"எங்க போற?" என்றாள் அக்கா. ஒன்பது மாதத்தில் முதல் வார்த்தை.

"சாவி எடுக்க" என்றேன். சுற்றி இருந்த எல்லோர் காதிலும் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். "நான் ஆத்துல போடல. பொய் சொன்னேன். வூட்டுலதான் வெச்சிருக்கேன்."

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அக்காதான் பேசினாள்.

"மூங்கில் ஓட்டையிலதான இருக்குது? பாத்து போ, செவுரு ஊறிக்கினு இருக்கும்."

திரும்பிப் பார்த்தேன். "ஒனக்கு தெரியுமாக்கா?"

"எதுத்த வூட்டுல இருக்கேன், கண்ணு இல்லையா எனக்கு? உரல் மேல ஏறி கைய வுட்டுக்கினு இருந்தியே, பாத்தேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீயா எடுத்தாந்து குடுப்பேன்னு பாத்துக்கினே இருந்தேன். ஒன்ன திருடின்னு சொன்னது நானு. எந்த மூஞ்ச வெச்சிக்கினு வந்து கேப்பேன்? இப்பவும் நீ எழுந்துக்கலன்னா நானே போயிருப்பேன்." பிள்ளையை என் வீட்டுக்காரர் மடியில் போட்டுவிட்டு அவளும் எழுந்தாள். "நட. ஒத்தையில போவாத."

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு போனோம். என் வீட்டின் ஒரு பக்கச் சுவர் உட்கார்ந்துவிட்டிருந்தது. கூரை சரிந்து மூங்கில் தலைக்கு எட்டும் உயரத்துக்கு வந்திருந்தது. அக்கா தோளைக் கொடுத்துக் கூரையைத் தாங்கிக்கொண்டாள். ஓட்டைக்குள் விரல் விட்டேன். சாவி இருந்தது.

பம்படியில் பூட்டு துருவேறி இறுகிப்போயிருந்தது. சாவி உள்ளே போனது, திரும்பவில்லை. பின்னாலேயே வந்துவிட்ட பெண்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அக்கா யாரையும் கேட்காமல் கோயிலுக்குள் போய், ஆத்தா விளக்கில் மிச்சம் இருந்த எண்ணெயை அப்படியே கொண்டுவந்து பூட்டுக்குள் ஊற்றினாள்.

"அவ பேரால போட்டது, அவளே தொறக்கட்டும்" என்றாள்.

இரண்டு பேருமாகப் பிடித்துத் திருகினோம். நாலாவது தரம் திறந்துகொண்டது. செயினை உருவிவிட்டுக் கைப்பிடியை அடித்தேன். வறட்டு இருமல் மாதிரி ஒரு சத்தம். பத்து, இருபது, முப்பது. ஊற்றுக்கண் மூடிக்கொண்டதோ என்று பயந்தேன். அக்கா என்னைத் தள்ளிவிட்டு அவள் அடித்தாள். பிறகு நான். அப்புறம் உள்ளே எங்கேயோ கனம் ஏறியது, கையில் தெரிந்தது. துரு நிறத்தில் ஒரு வாய் கக்கியது. அடித்து அடித்து மேடையில் விட்டோம். கொஞ்ச நேரத்தில் தெளிந்து, கண்ணாடி மாதிரி கொட்டியது. பெண்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

பிடிக்கக் குடம் வேண்டும். அவசரத்தில் ஒருத்தியும் எடுத்து வரவில்லை. எல்லோர் குடமும் ஆற்றோடு போயிருந்தது. பம்போடு கட்டியிருந்த பச்சைக் குடம்தான் அங்கே இருந்தது.

"என் மானத்த வாங்கத்தான் கட்டி வெச்சிருக்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா" என்றேன்.

"ஒன் மானத்த வாங்கி நான் இன்னா பண்ணப்போறேன். வரிசை போயிடக் கூடாதில்ல" என்றாள். "என்னைக்கிருந்தாலும் நீ தொறப்ப. தொறக்குறப்ப மொதல் கொடம் என்னுதா இருக்கணும்னுதான் கட்டிப் போட்டேன்."

முடிச்சை அவிழ்க்க வரவில்லை. பல்லால் கடித்துப் பிரித்தேன். குடத்தை இரண்டு தரம் அலசி, பம்புக்குக் கீழே வைத்தேன்.

"உன் கொடந்தான்க்கா மொதல்ல."

மாசியில் சொல்ல வேண்டியது. கார்த்திகையில் சொன்னேன்.

முக்கால் குடம் நிரம்பும்போதே விரிசல் வழியாகத் தண்ணீர் பீய்ச்ச ஆரம்பித்தது. அக்கா குனிந்து எடுக்கப் போனாள். நான் விடவில்லை. அவள் குடத்தை என் இடுப்பில் ஏற்றி, விரிசலை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் பள்ளிக்கூடம் வரைக்கும் நடந்தேன். அக்கா முன்னால் காலால் தடவித் தடவிப் பள்ளம் பார்த்துச் சொல்லிக்கொண்டே போனாள். சத்துணவுக்கூடத்து அடுப்பில் கொதிக்கவைத்து ஆற்றி, நர்ஸ் பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டினார். அக்கா பிள்ளையை மடியில் சாய்த்துக்கொண்டு, கரண்டியை என்னிடம் நீட்டினாள்.

"நீ ஊட்டு. என் கை நடுங்குது" என்றாள்.

முதல் கரண்டி கடைவாயில் வழிந்தது. இரண்டாவது பாதி உள்ளே போனது. பிறகு தினுசு தினுசாக முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். உப்புக் கரிக்கிறதாம். சாயங்கால வெயில் வராந்தாவில் சாயும்போது அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "இன்னும் குடு" என்றாள்.